ஒயில் மாத்தின சனிக்கிழமை

என்ட மனுசன் றேமண்டுக்குக் காரைக் கண்டால் கை சும்மா இருக்காது. பழைய டட்சன் ஒண்டு வாங்கி மூண்டு வருசம். அந்த மூண்டு வருசத்தில அவர் செய்த வைத்தியத்தில கார் செத்துப் பிழைச்சது நாலு தரம். ஒருக்கா, எஞ்சின் தூசியாக் கிடக்கு எண்டு பொனட்டைத் திறந்து ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சுக் கழுவினார். பிறகு மூண்டு நாள் அது மூச்சு விடேல்ல. இன்னொருக்கா, ஒயில் கூட இருந்தால் நல்லதுதானே எண்டு அளவுக்கு மேல ஒரு லீட்டர் ஊத்தினார். வீட்டுக்கு முன்னால போற ஒழுங்கை முழுக்க நீலப் புகை. ஒயில் இறக்கிற நட்டு ஒழுகக் கூடாது எண்டு ஸ்பனரில ஏறி நிண்டு இறுக்கினதில அதின்ட திருகுப் புரி அரைவாசி தேஞ்சு போச்சு. இவ்வளவும் செய்துபோட்டு, "எஞ்சினை எனக்கு விளங்கும் ஐறீன், உமக்கு விளங்காது" எண்டு சொல்லுவார். ஆள் ஷிப்பிங் கொம்பனியில பில் எழுதுற கிளாக்.

நான் கொச்சிக்கடையில ஒரு வெயார்ஹவுஸில டைப்பிஸ்டா இருந்தனான். எனக்கும் லைசன்ஸ் இருக்கு. ஆனால் ஸ்டியரிங்கைத் தரமாட்டார். "கரப்பொத்தானை மிதிக்கிற மாதிரிக் கிளட்சை மிதிக்கிறீர்" எண்டு சொல்லுவார். சரி, உம்மட கார், நீரே கட்டிப்பிடிச்சுக்கொண்டு படும் எண்டு நானும் விட்டிட்டன்.

சண்டைக் காலம். டவுனில ஒரு வாகனத்துக்குள்ள வச்ச குண்டு வெடிச்சு ஐஞ்சாம் நாள் அந்தச் சனிக்கிழமை வந்தது. அந்தக் கிழமை முழுக்க, கொழும்பில நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனையில ஆரும் உரத்துக் கதைக்கேல்ல. ஒவ்வொரு சந்தியிலயும் செக்கிங். இவர் தானே ஒயில் மாத்தாத நேரங்களில எங்கட கார் சேர்விசுக்குப் போறது மீரா சாஹிப் நானாட கராஜுக்கு. வெள்ளிக்கிழமை இவர் அங்க போய் நிக்க, நானா பாவம், முகத்தைப் பாக்க ஏலாமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாராம்: "கோவிக்க வாணாம் றேமண்ட். தமிழ் ஆக்கள்ட வாகனம் எடுக்கிறதெண்டா பொலிஸ்ல கடிதம் கொண்டுவரட்டாம். ரெண்டு கெழம பொறுத்து வாங்கோ."

ரெண்டு கிழமை பொறுத்தால் என்ன, கார் அழப்போகுதோ எண்டு நானும் கேட்டன். கேட்டால்தானே.

"ஒயில் தார் மாதிரி வந்திட்டுது. இனி ஓடினால் எஞ்சின் தேயும். நான் வீட்டிலயே மாத்துறன்."

"இந்தக் கிழமையோ? றோட்டில கிடந்தோ?"

"என்ட கார், என்ட ஒழுங்கை, என்ட ஒயில். நான் இஞ்ச பிறந்து இஞ்ச ஞானஸ்நானம் எடுத்தவன் ஐறீன். யாழ்ப்பாணத்திலயிருந்து நேற்று வந்து லொட்ஜில நிக்கிறவனோ நான்? என்னை ஆர் என்ன கேக்கிறது?"

கொழும்பில பிறந்த எங்கட ஆக்களுக்கு இந்தத் திமிர் ஒண்டு இருந்தது. எனக்கும்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெளியால இருந்து வந்த சனத்தைத்தான் பிடிப்பாங்கள், எங்களை இல்லை எண்ட நினைப்பு. அதால நானும் அதுக்கு மேல மறிக்கேல்ல.

காலமை எட்டரைக்குத் தொடங்கினார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒயிலைச் சூடாக்கினார். முன் சில்லு ரெண்டையும் பலகைக் கட்டையில ஏத்தினார். கீழ இருட்டாக் கிடக்கெண்டு வீட்டு யன்னலால வயர் இழுத்து, நுனியில ஒரு பல்ப்பைக் கட்டிக் காருக்குக் கீழ தொங்கவிட்டார். பழைய ஒயிலைப் பிடிக்க ஒரு பெரிய பிஸ்கட் டின். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, மேலில சட்டை இல்லாமல், காட்போட் மட்டையை விரிச்சு மல்லாந்து உள்ளுக்குப் போனார். அவற்ற ஐடென்டிட்டி கார்ட் அறைக்குள்ள கொழுவியிருந்த காற்சட்டைப் பொக்கற்றில.

இப்ப யோசிக்கத்தான் தெரியுது. குண்டு வெடிச்சு ஐஞ்சாம் நாள், காருக்குக் கீழ ஒரு தமிழன், வீட்டுக்குள்ளயிருந்து போற வயர், பக்கத்தில டின். அண்டைக்கு எனக்கு இது ஒண்டும் ஓடேல்ல. வாசல் சீமெந்தில ஒயில் கறை பட்டால் ஆர் உரஞ்சிக் கழுவுறது எண்டதுதான் என்ட கவலை. மகள் றோஸியை, அவவுக்கு அப்ப ஒன்பது வயது, பக்கத்து வீட்டு நளீபாட்ட அனுப்பிப்போட்டு நான் குசினிக்குள்ள நிண்டனான்.

ட்ரக் வந்து ஒழுங்கை வாயில நிண்ட சத்தம் கேட்டது. யன்னலால எட்டிப் பாத்தன். ஆமிக்காரர் ரெண்டு பக்கமும் மதிலோட மதிலா நடந்து உள்ளுக்கு வந்துகொண்டிருந்தாங்கள். சுற்றிவளைப்பு. இவரைக் கூப்பிட நேரம் கிடைக்கேல்ல.

முதல் வந்தவன் காருக்குப் பக்கத்தில நிண்டான். கீழ கிடந்த மனுசனுக்கு ஆற்றயோ நிழல்தான் தெரிஞ்சிருக்கும். நான்தான் எண்டு நினைச்சு, தமிழில, அதிகாரமா, "அந்த டின்னை இஞ்சால தள்ளும்" எண்டார்.

அவன் ரெண்டடி பின்னால பாய்ஞ்சான். இன்னொருத்தன் வயரைக் கண்டிட்டான். ஏதோ ஒரு சொல்லைக் கத்தினான், அவ்வளவுதான், எல்லாரும் மதிலுக்குப் பின்னால விழுந்து படுத்தாங்கள். ஒழுங்கையில வெளிய தெரிஞ்சது என்ட மனுசன்ட ரெண்டு கால் மட்டும்.

"எலியட்ட எண்ட!" வெளிய வரச்சொல்லிச் சிங்களத்தில கத்தினாங்கள்.

வந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு. கையில அப்பத்தான் கழட்டின பழைய ஒயில் ஃபில்டர். அது என்னெண்டு தெரியாதவனுக்கு அது ஒரு உருண்டை இரும்புச் சாமான், பால்மா டின் அளவு. அதைக் கீழ வைக்கச் சொன்னாங்கள். மனுசன் வைக்கேல்ல. கை விறைச்சுப்போய் அதையே இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். ஒஃபிசில சிங்களவரோட சரிக்குச் சரி சிங்களத்தில பகிடி விடுற மனுசன், அண்டைக்கு வாயில வந்தது ஒரு சொல்தான். "ஒயில். ஒயில்." பிறகு ஃபில்டர் தானாக் கையால நழுவி விழுந்தது. குப்புறப் படுக்க வச்சு, கையைப் பின்னால கட்டி, ட்ரக்குக்கு இழுத்துக்கொண்டு போனாங்கள்.

நான் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினன். போட்டிருந்தது ஹவுஸ்கோட், காலில செருப்பும் இல்லை. ரெண்டு துவக்கு என்ட பக்கம் திரும்பினது. கார்டைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு, "என்ட மனுசன் சேர், ஒயில்தான் மாத்துறார்" எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களம் முழுக்கக் கொட்டினன்.

ஒஃபிசர் நாற்பது வயதிருக்கும். நித்திரை இல்லாத கண். கார்டை வாங்கி முன்னுக்குப் பின்னுக்குப் பிரட்டிப் பாத்தார்.

"கொழும்பில பிறந்த ஆளோ?"

"ஓம் சேர். இந்தக் கொட்டாஞ்சேனையில."

"செவ்வாய்க்கிழமை வெடிச்ச வாகனத்துக்குக் கீழயும் ஒருத்தன் படுத்திருந்து திருத்தினவனாம். கண்ட சனம் சொல்லுது. ஒயில் மாத்தக் கராஜ் இல்லையோ நோனா?"

"கராஜில பொலிஸ் கடிதம் கேக்கினம் சேர்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கேல்ல. காரைப் பாத்தார். ஒழுங்கையின்ட நீளத்தைப் பாத்தார்.

"நோனாவுக்கு ஓடத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப இப்பவே ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஏலாது சேர். உள்ளுக்கு ஒரு சொட்டு ஒயில் இல்லை. ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் இறுகிப் பிடிச்சுப் போகும்."

நான் சொன்னது சத்திய வார்த்தை. அவருக்கு அது சாட்டு மாதிரிக் கேட்டிருக்கும். கோபமே இல்லாமல் சொன்னார்:

"சரி. மாத்தி முடியுங்க. எனக்கு இந்த ஒழுங்கையில பதினொரு வீடு பாக்க இருக்கு. அது முடிய ட்ரக் போகும். அதுக்குள்ள இந்தக் கார் தன்பாட்டில ஓடி ட்ரக்கடிக்கு வந்தால், நீங்க சொன்னது உண்மை. ஆளை இறக்கி விடுறன். வராட்டி ஆளை வேற இடத்தில வச்சுக் கேப்பம்."

வேற இடம் எண்டால் என்னெண்டு எங்களுக்குத் தெரியும். அங்க போன ஆக்கள் மாசக் கணக்கில வரேல்ல. வந்த ஒண்டு ரெண்டு பேரும் வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்ல. ட்ரக் பக்கம் பாத்தன். இவர் தெரியேல்ல, உள்ளுக்குப் படுக்க வச்சிருந்தாங்கள்.

வயரை வெட்டி எறிஞ்சாங்கள். காரைச் சுத்தி ஒருத்தரும் நிக்கக் கூடாதெண்டு எல்லாரையும் தள்ளிப்போட்டு, ஒரு இளம் ஆமிக்காரனை மட்டும் நளீபாட கேற்றடியில நிப்பாட்டினார் ஒஃபிசர். "பாத்துக்கொண்டு நில். கதைக்கிற வேலை இல்லை." அந்தப் பொடியனுக்கு இருபது வயது இருக்காது. துவக்கு என்ட பக்கம்.

நான் என்ட சீவியத்தில ஒயில் மாத்தினதில்லை. ஆனால் மூண்டு வருசமா அவர் மாத்தேக்குள்ள பக்கத்தில நிண்டு ஏசினனான். ஏசுறதெண்டாலும் பாக்கத்தானே வேணும்.

மட்டையில படுத்துக் கீழ போனன். பல்ப் இல்லாததால கிடங்குக்குள்ள போன மாதிரி இருந்தது. ஒயில் இறங்கிற ஓட்டையால இன்னும் ஒரு சொட்டு, ஒரு சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டையை அடைக்கிற நட்டைக் காணேல்ல. மட்டையில தடவினன், மட்டைக்குக் கீழ தடவினன், சில்லடியில தடவினன். இல்லை. அவர் அதை எங்கயும் பத்திரமா வச்சிருப்பார் எண்டால், அவர் றேமண்ட் இல்லையே. பிறகு விளங்கினது. ஒயிலோட சேத்து டின்னுக்குள்ள விழவிட்டிருக்கிறார்.

டின்னுக்குள்ள கையை விட்டன். ஒயில் இன்னும் சூடு. கறுப்புக்குள்ள விரலால துளாவ முதல் வாஷர் அம்பிட்டுது, பிறகு நட்டு. ஹவுஸ்கோட்டில துடைச்சுப்போட்டு ஓட்டையில வச்சுத் திருகினன். கோணலாப் போச்சு. கழட்டித் திரும்ப வச்சன். திரும்பவும் கோணல். அவர் ஏறி நிண்டு தேய்ச்ச புரி. ஒயில் கைக்கு நட்டு நிக்கவும் மாட்டுதாம். கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட நான் செவ்வாய்க்குச் செவ்வாய் போறனான், றோஸிக்காக ஒன்பது கிழமை நடந்தனான். அண்டைக்குக் கேட்டது ஒரு புரி மட்டும்தான். இந்த ஒரு புரி பிடிச்சால் காணும் சாமி எண்டு வாய்விட்டுச் சொன்னன். மூண்டாந்தரம் பிடிச்சது. ஸ்பனரால அளவா இறுக்கினன். அவரை மாதிரி இறுக்கேல்ல.

ஆமிக்காரர் நாலாவது வீட்டுக்குள்ள போற சத்தம் கேட்டது.

அடுத்தது ஃபில்டர். புதுசு பெட்டியோட மதிலில இருந்தது. அதின்ட வாயில இருக்கிற றப்பர் வளையத்தில புது ஒயில் கொஞ்சம் பூசவேணும் எண்டு ஞாபகம் இருந்தது. பூசினன். திரும்பக் கீழ போய், கன்னம் இரும்பில சுட, கையை மேல நீட்டித் திருகினன். அப்ப அந்தப் பொடியன்ட சப்பாத்து கிட்ட வந்தது. குனிஞ்சு சில்லடியால பாத்தான். அவன்ட முகம் என்ட முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில. என்ட கையைப் பாத்தான், ஃபில்டரைப் பாத்தான், வாயைத் திறந்தான். கத்தப்போறான் எண்டு நினைச்சன். அந்த நேரம் ஆறாவது வீட்டு வாசலில ஒஃபிசர்ட குரல் கேட்டது. அவன் நிமிர்ந்து கேற்றடிக்குப் போயிட்டான்.

வெளிய வந்து பொனட்டைத் திறந்தன். புது ஒயில் கானைத் தூக்கினன். புனல் எங்கயெண்டு தெரியாது. நளீபா யன்னல் கம்பிக்குள்ளால ஒரு கலண்டர் தாளைப் புனல் மாதிரிச் சுருட்டி எறிஞ்சா. "புள்ள என்னோட இரிக்கிறா அக்கா, நீங்க அதப் பத்தி யோசிக்க வாணாம், சுருக்கா ஊத்துங்கோ" எண்டா. ஊத்தினன். எஞ்சினுக்கு மேலயும் கொஞ்சம் ஊத்துப்பட்டது. கான் முழுக்க இறக்கி முடிய நளீபாட குரல் திரும்பவும் வந்தது. "பத்தாவது வீட்டால வெளிய வாறாங்க."

ஸீற்றில ஏறினன். கார்த் திறப்பு அதின்ட ஓட்டையிலயே கிடந்தது. திருப்பினன், இழுத்துப்போட்டு நிண்டது. திரும்பத் திருப்பினன், அதே சத்தம். ஒழுங்கை வாயில ட்ரக்கை ஸ்டார்ட் பண்ணிட்டாங்கள். மூண்டாந்தரம் எஞ்சின் பிடிச்சது. சிவப்பு ஒயில் லைட் எரிஞ்சு அணைஞ்சது. நான் அழுதிட்டன். ஸ்டியரிங்கில நெத்தியை வச்சு அழுதன்.

அப்ப கீழ, பைப் திறந்து விட்ட மாதிரி ஒரு சத்தம். கதவால குனிஞ்சு பாத்தன். புது ஒயில், தேன் நிறத்தில, சீமெந்தில ஓடுது. நிமிர்ந்து பாக்க லைட் திரும்பவும் எரியுது.

என்ன நடந்ததெண்டு உடன விளங்கினது. பழைய ஃபில்டரைக் கழட்டேக்குள்ள அதின்ட றப்பர் வளையம் கூட வரேல்ல, எஞ்சினிலயே ஒட்டிக்கொண்டு நிண்டிட்டுது. நான் அதுக்கு மேல புது வளையத்தை வச்சு இறுக்கியிருக்கிறன். ரெண்டு றப்பர் ஒண்டுக்கு மேல ஒண்டு இருந்தால் பிடிக்காது, நடுவால அடிச்சுக்கொண்டு வரும். அவர் ஒவ்வொரு தரமும் அந்த இடத்தை விரலால தடவிப் பாப்பார். எனக்கு ஒருக்காச் சொன்னவர்தான். நான் அப்ப வேற எதுக்கோ ஏசிக்கொண்டிருந்தனான்.

கழட்டித் திருத்தலாம். ஆனால் திரும்ப ஊத்த ஒயில் இல்லை. நேரமும் இல்லை, பதினோராவது வீட்டு வாசலில சப்பாத்துச் சத்தம். இப்பிடியே ஓடினால் ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். பிறகு எஞ்சின் செத்துப் போகும். நாங்கள் கலியாணம் கட்டி, எங்கட எண்டு வாங்கின ஒரே சாமான் அந்தக் கார். அது போனால் போகட்டும். நான் கியரைப் போட்டன்.

கட்டையால கார் தொம் எண்டு விழுந்தது. நூற்றைம்பது யார் தூரம். முதல் பாதியில எஞ்சின் கடகட எண்டது. பிறகு உள்ளுக்கு ஆரோ சுத்தியலால அடிக்கத் தொடங்கினான். லைட் சிவப்பாப் பாத்துக்கொண்டே இருந்தது. நான் றோட்டைப் பாக்கேல்ல, லைட்டையும் ட்ரக்கையும்தான் பாத்தன். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு எண்டு காரைக் கெஞ்சினன். அந்த மனுசன் செய்த அநியாயம் எல்லாத்துக்கும் நான் மன்னிப்புக் கேக்கிறன், இந்த ஒரு தூரம் மட்டும் ஓடு எண்டன்.

ட்ரக்குக்குப் பக்கத்தில கொண்டுபோய் நிப்பாட்டினன். எஞ்சினை நிப்பாட்டேல்ல. நிப்பாட்டினால் பிறகு பிடிக்காதெண்டு எனக்குத் தெரியும்.

ஒஃபிசர் வந்து குனிஞ்சார். "என்ன சத்தம் இது?"

"பழைய கார் சேர். எப்பவும் இப்பிடித்தான்."

பின்னால பாத்தார். ஒழுங்கை நீளத்துக்கு ஒரு ஒயில் கோடு கிடந்தது. அதைப் பாத்தார், என்ட கையைப் பாத்தார், ஹவுஸ்கோட்டைப் பாத்தார்.

"ஹரி" எண்டார். சரியாம். பிறகு ட்ரக் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

றேமண்டை இறக்கிக் கட்டை அவிழ்த்தாங்கள். நடந்து வந்தார். சாரம் முன்பக்கம் நனைஞ்சிருந்தது. முகத்தில ட்ரக் தட்டின்ட தூசி. பக்கத்து ஸீற்றில ஏறி இருந்து கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்டார். சிவப்பு லைட்டைப் பாத்தார். கிளட்சைக் கொஞ்சம் பலமா மிதிச்சாலே உயிர் போறமாதிரிக் கத்துற மனுசன், முன்னால பாத்துக்கொண்டு, சொண்டு அசையாமல் சொன்னார்: "நிப்பாட்டாதயும். போம்."

ரிவர்ஸைப் போட்டன். ரெண்டு முழம் போயிருக்கும். உள்ளுக்கு ஒரு கிரீச் சத்தம், கார் ஒருக்காத் துள்ளினது, நிண்டது. திறப்பைத் திருப்பினன். டிக் எண்டது, அவ்வளவுதான்.

ஒஃபிசர் திரும்பிப் பாத்தார். றேமண்டின்ட கை என்ட தொடையில வந்து இறுக்கிப் பிடிச்சது. கட்டின இடம் தடிச்சுச் சிவந்திருந்தது. ஒஃபிசர் மணிக்கூட்டைப் பாத்தார், பிறகு ட்ரக்கில ஏற நிண்ட ஆமிக்காரரில நாலைஞ்சு பேரைக் கூப்பிட்டு, இதை உள்ளுக்குத் தள்ளிப்போட்டு வாங்க எண்டு சொன்னார்.

துவக்கைத் தோளில பின்பக்கமாப் போட்டுக்கொண்டு வந்தாங்கள். அரை மணித்தியாலத்துக்கு முன்னம் இந்தக் காருக்குக் கிட்ட வரப் பயந்தவங்கள், இப்ப பொனட்டில கையை வச்சுத் தள்ளினாங்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு பின்னால பாத்துக்கொண்டிருந்தன். என்ட பக்கக் கதவில கை வச்சுத் தள்ளினது அந்த இளம் பொடியன்.

"அக்கே" எண்டான், மெதுவா, சிங்களத்தில. "பழைய றப்பர் எஞ்சினில ஒட்டிக்கொண்டு இருந்தது. நீங்க அதைக் கழட்டாமல் புதுசைப் பூட்டிட்டீங்க. நான் குனிஞ்சு பாக்கேக்குள்ள கண்டனான். குருணாகலில எங்கட அப்பா கராஜ் வச்சிருக்கிறார். புதுசா வேலைக்கு வாற ஆக்கள் எல்லாரும் விடுற பிழைதான். அடுத்தமுறை விரலால தடவிப் பாருங்க."

நல்ல பணிவான குரல். புத்தி சொல்லித் தாறான்.

எனக்கு அது தலைக்குள்ள இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கராஜ்காரன்ட மகன். அப்ப காருக்குக் கீழ இவர் என்ன செய்தவர் எண்டு அவனுக்கு முதலிலயே தெரியும். டின்னைப் பாத்தவுடன தெரியும். ஃபில்டரைக் கையில கண்டவுடன தெரியும். இது ஒயில் மாத்துறது சேர் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதைக்க வேண்டாம் எண்டது பிறகுதானே. அதுக்கு முன்னம் இவரைக் கட்டேக்குள்ள அவன் எங்க நிண்டவன்? இவரை இழுத்துக்கொண்டு போகேக்குள்ள எங்க பாத்துக்கொண்டு நிண்டவன்? கதவைத் திறந்து அவன்ட சேர்ட்டைப் பிடிச்சு உலுப்பிக் கேக்கவேணும் போல இருந்தது. வாயைத் திறந்தன்.

"ஸ்தூதி மல்லி" எண்டன். நன்றி தம்பி எண்டு சொன்னன்.

அவன் தலையை ஆட்டினான். வீட்டு வாசலில காரை விட்டுப்போட்டு ஓடிப்போய் ட்ரக்கில ஏறினாங்கள். ட்ரக் போனது. இவர் இறங்கேல்ல. நான் உள்ளுக்குப் போய்த் துவாய் கொண்டுவந்து இடுப்பில சுத்தி, நளீபாவும் ஒரு பக்கம் பிடிச்சுத்தான் இறக்கினம். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கேல்ல.

பின்னேரம் படுக்கையில கிடந்துகொண்டு கேட்டார்: "அந்தப் பொடியன் அக்கே எண்டு கூப்பிட்டுப்போட்டு உம்மட்ட என்ன சொன்னவன்? மிச்சம் எனக்குக் கேக்கேல்ல."

"எஞ்சின் இறுகிப் பிடிச்சிட்டுதெண்டு சொன்னவன்" எண்டன்.

ரெண்டு கிழமை அவர் வீட்டு வாசலைத் தாண்டேல்ல. பிறகு வெளிக்கிட்டார். சண்டை முடியிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் நாலு செக்பொயின்ட் தாண்டி வேலைக்குப் போய் வந்தார். எப்பிடிப் போறீர் எண்டு நான் கேக்கேல்ல, அவரே சொன்னார். அதுக்குள்ளயும் நல்ல பொடியன்கள் இருக்கிறாங்கள் ஐறீன், காரை எங்கட வாசல்வரைக்கும் தள்ளித் தந்தவங்கள்தானே எண்டு சொன்னார். அதை நினைச்சுக்கொண்டுதான் கார்டை நீட்டுறவராம்.

இப்ப அவருக்கு அறுபத்தெட்டு வயது. வீட்டுக்கு ஆர் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவார். கையைக் கட்டினது வராது. சாரம் வராது. காரைத் தள்ளின கதை மட்டும் வரும், ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து விட்டவங்கள் எண்டு. "கேட்டுப் பாருங்கோ, ஒருத்தன் இவவோட அக்கே எண்டு கதைச்சவன்" எண்டு என்ட பக்கம் திரும்புவார்.

"ஓம், கதைச்சவன்" எண்டு சொல்லிப்போட்டு நான் தேத்தண்ணி போட எழும்பிப் போயிடுவன்.